எரிந்தது ஒரு படிதான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வர்ஜீனியா மாநிலத்து ஹேனோவர் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) கோர்ட்டிலிருந்து வந்த பதிலை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். 1865-க்கு முந்தைய பத்திரம், உயில், கல்யாணப் பதிவு எல்லாம் பெரும்பாலும் எரிந்துவிட்டன என்று எழுதியிருக்கிறார்கள். இனி மாப்பிள்ளையின் குடும்ப வரலாற்றில் மேலே போக வழியில்லை என்று நீ முடிவுகட்டிவிட்டாய் போலிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், வழி இருக்கிறது. நேர்வழி அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அது எப்படி எரிந்தது என்று தெரிந்துகொள். ஹேனோவரின் பழைய கோர்ட் கட்டிடம் இன்றும் அதே ஊரில் நிற்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று புத்தகங்களை அங்கிருந்து மாநிலத் தலைநகரான ரிச்மண்டுக்குக் கொண்டுபோனார்கள். 1865 ஏப்ரலில் தென்மாநிலப் படை ரிச்மண்டை விட்டுக் கிளம்பும்போது புகையிலைக் கிடங்குகளுக்குத் தீ வைத்தது. அந்தத் தீ பரவி, ஏப்ரல் 3-ம் தேதி இந்தப் புத்தகங்களையும் சாம்பலாக்கியது. வேறு சில கவுண்டிகளின் புத்தகங்களுக்கும் அங்கேதான் அதே கதி.

ஆனால் எரிந்தது கவுண்டி வைத்திருந்த படி. ஓர் அலுவலகப் புத்தகம் போனால், அந்த விவரத்தை எழுதிவைக்க வேறு யாருக்கெல்லாம் காரணம் இருந்தது என்று கேட்க வேண்டும். வரி வாங்குபவனுக்கு இருந்தது, பட்டாளத்துக்கு இருந்தது, பாங்க்குக்கு இருந்தது, பக்கத்து நிலத்துக்காரனுக்கு இருந்தது. நாங்கள் ஒரு சொத்தைச் சரிபார்க்கும்போது தாய்ப்பத்திரம் தொலைந்திருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டோம். அதற்குப் பிந்தைய பத்திரத்தில் முந்தைய கிரயம் சொல்லப்பட்டிருக்கும். பக்கத்து நிலத்துப் பத்திரத்தில் நாலு எல்லையும் சொல்லும் செக்குபந்தியில் 'இன்னாருடைய நிலத்துக்குக் கிழக்கு' என்று நம் ஆள் எட்டிப் பார்ப்பார். அங்கேயும் இதேதான். லூயிசா கவுண்டி 1742-ல் ஹேனோவரிலிருந்து பிரிந்தது. இரண்டு பக்கமும் நிலம் வைத்திருந்தவர்கள், இந்தப் பக்கம் கல்யாணம் செய்து அந்தப் பக்கம் குடியேறியவர்கள் நிறைய. எரியாத கவுண்டிகளின் வழக்குக் கட்டுகளில் எரிந்த கவுண்டியின் உயிலும் பத்திரமும் சாட்சி ஆவணமாக நகலெடுத்து வைக்கப்பட்டிருக்கும். வர்ஜீனியா மாநில நூலகம் அப்படிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடி எடுத்து, பதிவுகள் தொலைந்த கவுண்டிகளுக்கென்றே தனித் தொகுப்பு வைத்திருக்கிறது. இணையத்திலேயே பார்க்கலாம். முதல் வேலையாக அதில் ஹேனோவரைத் தேடு.

(இதைப் படிக்கும்போது சிகாகோவும் நினைவுக்கு வந்தது. 1871 அக்டோபர் தீயில் அந்த ஊர் கோர்ட்டோடு நிலப் பதிவு முழுவதும் போயிற்று. சொத்து விவரக் குறிப்பு எழுதிக்கொடுக்கும் தனியார் கம்பெனிகள் தங்கள் புத்தகங்களைக் காப்பாற்றியதால் நகரத்தின் நில உரிமை பிழைத்தது. மறு வருடமே அதற்கென இல்லினாயில் சட்டமும் வந்தது. என் தொழில்காரர்கள் என்பதால் எனக்கு அதில் பெருமை.)

இனி கஷ்டமான விஷயம். மாப்பிள்ளையின் முன்னோர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள். அவர்கள் பெயரில் பத்திரம் கிடையாது, உயில் கிடையாது, சட்டம் ஒப்புக்கொண்ட கல்யாணமும் கிடையாது. கவுண்டிப் புத்தகங்களில் அவர்கள் பெயர் இருந்ததே பெரும்பாலும் எசமானின் உயிலிலும் பாகப் பட்டியலிலும்தான். கட்டில், குதிரை, இரண்டு பசு, அதற்கு அடுத்த வரியில் ஒரு பெண்ணும் அவள் குழந்தையும், எதிரே ஒரு விலை. அந்தக் கேவலமான பட்டியல்தான் பல குடும்பங்களுக்கு ஒரே பிறப்புச் சான்று. எசமான் குடும்பத்துக்குப் புத்தகம் எரிந்ததில் நில விவரம் போனது. மாப்பிள்ளை குடும்பத்துக்கு முன்னோரின் பெயரே போனது. அதனால்தான் நீங்கள் இதைப் பாதியில் விடக்கூடாது என்று இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் எசமான் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று இருக்கும், பெயர் இருக்காது. அவர்களில் பெரும்பாலோர் பெயரோடு வருவது 1870-ல்தான் முதல் தடவை. ஆகவே இப்போதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கணக்கெடுப்பாகப் போய் 1870-ல் அந்த வீட்டைப் பிடியுங்கள். நடுவில் 1890 இருக்காது. அது 1921-ல் வாஷிங்டனில் தீயில் பாழாயிற்று. 1900-ஐ மட்டும் அவசரப்படாமல் பார். பிறந்த மாதமும் வருடமும் கேட்டிருக்கிறார்கள். பெண்களுக்கு இரண்டு கட்டம் கூடுதலாக உண்டு: எத்தனை குழந்தை பெற்றாள், அதில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள். அந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், இறந்துபோன பிள்ளைகள் உண்டு என்று அர்த்தம்; அவர்கள் மற்ற தாள்களில் வராமலே போயிருக்கலாம்.

1870-ல் வீடு கிடைத்த பிறகு அந்தப் பக்கம் முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பவர் வீடு வீடாகப் போனவர், அதனால் மேலேயும் கீழேயும் இருப்பவர்கள் அக்கம்பக்கத்தார். விடுதலை கிடைத்து ஐந்து வருடத்தில் பலர் பழைய இடத்தை விட்டு வெகுதூரம் போகவில்லை. பக்கத்தில் நிலம் வைத்திருந்த வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெயரைக் குறித்து வைத்தால் பின்னால் உதவும். ஆனால் மாப்பிள்ளையின் குடும்பப் பெயரும் ஒரு எசமானின் பெயரும் ஒன்று என்பதற்காக அவர்தான் என்று முடிவுகட்டாதீர்கள். பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு, முந்தைய எசமானின் பெயரைத் தொடர்ந்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

வரிப் பட்டியலைப் பார். 1782-லிருந்து சொத்து வரிப் பட்டியலின் ஒரு படி மாநிலத்துக்குப் போயிருக்கிறது, ஹேனோவர் உட்பட. போருக்குப் பிறகு விடுதலை பெற்ற ஆண்களும் அதில் வருகிறார்கள். அடுத்து, 1853-லிருந்து பிறப்பு, இறப்பைப் பதிய வேண்டும் என்று வர்ஜீனியாவில் சட்டம் இருந்தது, அதன் படியும் மாநிலத்துக்குப் போனது. அடிமைக் குழந்தை பிறந்தால் அப்பா பெயர் எழுத வேண்டிய இடத்தில் எசமான் பெயரை எழுதியிருப்பார்கள். பல இடங்களில் தாயின் பெயர் மட்டும் இருக்கும். மனது கஷ்டப்படும். ஆனாலும் அந்த ஒரு பெயரிலிருந்து மேலே போக முடியும்.

ரிச்மண்ட் பக்கத்தில்தானே இருக்கிறது? விடுதலை பெற்றவர்களுக்காக 1865-ல் தொடங்கிய சேமிப்பு பாங்க்குக்கு அங்கே கிளை இருந்தது. பாங்க் 1874-ல் மூழ்கி, பலர் சேமிப்பு போனது பெரிய அநியாயம். ஆனால் கணக்கு ஆரம்பித்தபோது எழுதிய பதிவேடு இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவரை அடையாளம் காண, பிறந்த ஊர், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் பெயரெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். விற்கப்பட்டுப் பிரிந்துபோன அண்ணன் தங்கைகளின் பெயரைக்கூடச் சொல்லி எழுத வைத்தவர்கள் உண்டு.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது ராணுவப் பென்ஷன் கட்டுகளை. வடமாநிலப் படையில் சுமார் 1,79,000 கறுப்பினச் சிப்பாய்கள் இருந்தார்கள். சிப்பாய் இறந்தபின் அவர் மனைவி பென்ஷன் கேட்டால் கல்யாணத்தை நிரூபிக்க வேண்டும். அடிமையாக இருந்தவளிடம் கல்யாணச் சான்று எங்கே இருக்கும்? காகிதம் இல்லாததால் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். யார் சேர்த்து வைத்தது, எந்தத் தோட்டத்தில், யார் கூட இருந்தது, பிள்ளைப்பேறு பார்த்தது யார் என்று அதிகாரி கேட்கக் கேட்க, கூட வேலை செய்தவர்களும் மருத்துவச்சியும் சில சமயம் எசமானின் வீட்டாரும்கூடச் சொன்னதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கவுண்டிப் புத்தகம் எரியாமலே இருந்திருந்தாலும் அதில் இவ்வளவு வந்திருக்காது. இந்தக் கட்டுகள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குடும்பத்தில் யாரும் பட்டாளத்துக்குப் போகவில்லை என்றாலும் விட்டுவிடாதே. 1870 பக்கத்தில் இருக்கும் அக்கம்பக்கத்துச் சிப்பாயின் கட்டில் மாப்பிள்ளையின் கொள்ளுப்பாட்டன் சாட்சி சொல்லியிருக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் குடும்ப மரங்களை அப்படியே எடுக்காதே. பதிவு எரிந்த கவுண்டியில்தான் ஊகம் அதிகம். ஒருவர் 'இவர் மகனாக இருக்கலாம்' என்று எழுதியதை அடுத்தவர் 'மகன்' என்று எடுத்துக்கொள்வார், பத்துப் பேர் நகலெடுத்ததும் அது வரலாறாகிவிடும். எந்தத் தாளில் பார்த்தாய் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுது. தாள் இல்லையென்றால் இடத்தைக் காலியாகவே விடு. காலியிடத்தைப் பின்னால் வருபவர்கள் நிரப்பிக்கொள்ளலாம். தப்பான பெயர் ஏறிவிட்டால் அதைக் கிளப்புவது பெரும்பாடு.

சம்பந்தி அம்மாவிடம் எந்த சர்ச்சுக்குப் போனார்கள், பெரியவர்களை எங்கே அடக்கம் செய்தார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் யார் என்று கேள். அவர்களுக்குப் பேச முடிகிறபோது பேசட்டும், நீ பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய். அவர்கள் சொல்கிற வருடம் முன்பின் இருந்தாலும் குறுக்கே திருத்தாதே. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்தான் நமக்கு வேண்டும்.

அப்புறம், 1870 தாளைக் கண்டுபிடித்ததும் எனக்கு அனுப்பு. அந்த வீடு இருக்கிற வரியை மட்டும் வெட்டி அனுப்பாதே, முழுப் பக்கமும், அதற்கு முந்தைய பக்கமும் பிந்தைய பக்கமும் வேண்டும். கையெழுத்து புரியாவிட்டால் கவலைப்படாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா