காரின் விலையை உள்ளபடியே எழுது

அன்புள்ள செல்வா,

தீபாவளிக்கு நீ அனுப்பியதற்கே நான் இன்னும் பதில் போடவில்லை. அதற்குள் இங்கே டெக்சஸின் பிளேனோவுக்கே குடிவருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மேன்ஷன் கும்பலுக்குத் தகவல் சொல்லியாயிற்று. சேகர் இப்போதே விருந்துக்கு லிஸ்ட் போடுகிறான். அந்த ரசத்தை மட்டும் நீ வைக்கக்கூடாது என்பது அவனுடைய ஒரே நிபந்தனை.

கார் பற்றி மூன்று கேள்வி கேட்டிருந்தாய். மூன்றாவதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலாவது, நீ கலிஃபோர்னியாவிலிருந்து ஓட்டிவரப்போகும் கார் ஏற்கெனவே உன் பெயரில் பதிவானது. அதனால் டெக்சஸின் 6.25 சதவீத வாகன விற்பனை வரி அதற்குக் கிடையாது. புதிதாகக் குடிவருபவர்களுக்கான வரி 90 டாலர், அவ்வளவுதான். வந்த 30 நாளுக்குள் பதிவை மாற்றிவிடு. அதற்கு முன் டெக்சஸ் இன்சூரன்ஸ் கையில் இருக்க வேண்டும். சாதாரண கார்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை 2025 ஜனவரியோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் நீ வரும் காலின் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) புகைச் சோதனை உண்டு. இங்கே குடியேறிய பிறகு வெளி மாநிலத்தில் கார் வாங்கினால் இந்த 90 டாலர் கணக்கு செல்லாது. முழு 6.25 சதவீதமும் கேட்பார்கள், அங்கே கட்டிய வரியை மட்டும் கழித்துக்கொள்வார்கள்.

அடுத்து, ஹூஸ்டனில் இருக்கும் உன் மைத்துனன் பிரபு தன் பழைய காரை உங்களுக்குச் சும்மா தருவது. பரிசாக வரும் காருக்கு வரி 10 டாலர்தான். ஆனால் யார் யாருக்குத் தரலாம் என்று சட்டம் வரையறுத்திருக்கிறது: கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், இப்படி. கவிதாவுக்கு அவன் கூடப்பிறந்த அண்ணன், அதனால் கவிதா பெயரில் டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம், எடுங்கள். 14-317 என்ற பரிசுப் பிரமாணப் பத்திரத்தில் இருவரும் நோட்டரி முன் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களில் ஒருவர் நேரில் போய்த்தான் அதைக் கொடுக்க முடியும். பதிலுக்கு ஒரு டாலர்கூட அவனுக்குப் போகக்கூடாது. மிச்சமுள்ள கடனைக் கவிதா ஏற்றுக்கொண்டாலும் அது பரிசு ஆகாது, விற்பனைதான்.

இப்போது மூன்றாவது. ஒன்பதாயிரம் டாலருக்கு ஹோண்டா பார்த்திருக்கிறாய், விற்பவர் “பேப்பரில் நாலாயிரம் என்று போட்டுக்கொள்ளலாம், வரி குறையும்” என்கிறார். வேண்டாம்டா. தயவுசெய்து வேண்டாம். முதலில், அதனால் ஒரு காசுகூட மிச்சமாகாது. நம் ஊரில் பத்திரப் பதிவுக்கு வழிகாட்டி மதிப்பு இருக்கிறதே, அதே போல இங்கே பழைய கார்களுக்கு அரசு ஓர் உத்தேச மதிப்பு வைத்திருக்கிறது. எஸ்.பி.வி. என்பார்கள். இப்படிக் குறைத்து எழுதுவதைத் தடுக்கத்தான் 2006 அக்டோபரில் கொண்டுவந்தார்கள். தனியாரிடம் வாங்கும்போது நீ கொடுத்த விலை, எஸ்.பி.வி.யில் 80 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி. அந்த ஹோண்டாவின் மதிப்பு 12,000 என்று வைத்துக்கொள். 80 சதவீதம் 9,600. வரி 600 டாலர். நீ ஒன்பதாயிரம் என்று எழுதினாலும் அதே 600, நாலாயிரம் என்று எழுதினாலும் அதே 600. ஆனால் டைட்டில் தாள்களில் பொய் எழுதுவது இங்கே பெருங்குற்றம், பத்து ஆண்டு வரை சிறை. டைட்டிலுக்கு விண்ணப்பிக்கும் 130-யு படிவத்திலேயே அந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. அதில் நீயும் கையெழுத்துப் போடுகிறாய். விசாவில் இருப்பவன் நீ. குற்ற வழக்கு என்று ஒன்று வந்தால் அபராதத்தோடு முடியாது. இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டி நிஜமாகவே அடிபட்டு மதிப்புக் குறைந்திருந்தால் நேர்வழி இருக்கிறது. இங்கே வசந்தத்தில் ஆலங்கட்டி மழை பெய்தால் கார் கூரை பள்ளம் பள்ளமாகிவிடும். அப்படிப்பட்ட வண்டியை லைசென்ஸ் உள்ள டீலரிடமோ இன்சூரன்ஸ் மதிப்பீட்டாளரிடமோ காட்டி, 14-128 படிவத்தில் மதிப்பீடு வாங்கு. வாங்கியதிலிருந்து கவுண்டி அலுவலகத்தின் 20 வேலை நாளுக்குள் அது கையில் இருக்க வேண்டும். மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் உண்டு, ஆகவே வரியில் எவ்வளவு குறையும் என்று முதலில் கணக்குப் பார்.

விற்பவரையும் கூட்டிக்கொண்டு கவுண்டி வரி அலுவலகத்துக்கு நேரே போவதுதான் என் யோசனை. பணத்தை அங்கே வைத்துக் கொடு. டைட்டிலை முன்பக்கம் பார்: வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் தொடாதே. பின்பக்கம் உன் பெயர், தேதி, ஓடிய மைல் எல்லாம் உன் கண்முன்னால் நிரப்பச் சொல். அடித்தல் திருத்தல் இருந்தால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெறும் கையெழுத்து மட்டும் போட்டு “பிறகு நிரப்பிக்கொள்” என்று தந்தால் வாங்காதே. நம்பர் பிளேட்டை விற்பவர் கழற்றிக்கொள்வார், அது வழக்கம்தான். டைட்டில் கட்டணம் கவுண்டியைப் பொறுத்து 28 அல்லது 33 டாலர். பதிவுக்கு 50.75, அதன்மேல் உள்ளூர்க் கட்டணங்கள்.

விற்ற நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. தாண்டினால் வரியின்மேல் 5 சதவீதம், இன்னும் 30 நாள் போனால் 10 சதவீதம் அபராதம். டைட்டில் தாமதத்துக்குத் தனியாக 25 டாலரில் ஆரம்பித்து 250 வரை ஏறும்.

டீலரிடம் வாங்குவதாக இருந்தால் இந்த எஸ்.பி.வி. தொல்லை இல்லை. பில் விலைக்குத்தான் வரி, அவரே கட்டிவிடுவார். பழைய காரை அவரிடமே கொடுத்தால் அந்தத் தொகை கழிந்து மீதிக்குத்தான் வரி. 30,000 டாலர் காருக்குப் பழையதை 12,000க்கு எடுத்துக்கொண்டால் 18,000க்கு வரி 1,125. கொடுக்காவிட்டால் 1,875. ஆக, வெளியில் விற்றால் 12,750க்கு மேல் கிடைத்தால்தான் லாபம்.

அந்த ஹோண்டாவின் வின் நம்பரையும் (வண்டியின் அடையாள எண்) மைல் கணக்கையும் அனுப்பு. மாநில வாகனத் துறையின் தளத்தில் போட்டால் எஸ்.பி.வி. உடனே வரும், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை விற்பவருக்கு முன்பணம் கொடுக்காதே. கவிதாவுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்
ரவி