ஆல்ஃபாக்களே, அட்மின் சாவியை வேறு கையில் கொடுங்கள்

நீலகிரியில் ஓநாய்க் கூட்ட ரோல்பிளே குரூப் நடத்தும் ஆல்ஃபாக்களுக்கு,

வணக்கம். ஆளுக்கொரு ஓநாயாக மாறி மாறி எழுதிக் கதை வளர்ப்பதுதான் நம் ரோல்பிளே. அந்தக் கதையில் கூட்டத்தை நடத்தும் தலைவரான ஆல்ஃபாவே வாட்ஸ்அப் குரூப்புக்கும் அட்மினாக இருப்பதுதான் நம் பதவிச் சண்டைகளின் வேர். ஒரு வேட்டை ஓநாய் ஆல்ஃபாவை முறைத்துப் பேசினால் அது நல்ல காட்சி. ஆனால் அந்த ஆல்ஃபாவிடம் ஆளை நீக்கும் பொத்தானும் இருந்தால் யார் முறைப்பார்கள்? எல்லாரும் தலையாட்டுவார்கள், கதை படுத்துவிடும். அட்மின் பொறுப்பை இரண்டு பேரிடம் விடுங்கள். அந்த இருவரின் ஓநாய்களுக்கும் கதையில் எந்தப் பதவியும் வேண்டாம்.

“பலசாலிதானே ஆல்ஃபா? காட்டில் அப்படித்தானே?” என்று பதில் வரும். காட்டில் அப்படி இல்லை. அந்த எண்ணம் விலங்கியலாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட, அடைத்து வளர்த்த ஓநாய்களைப் பற்றிய ஆய்விலிருந்து பரவியது. அதை 1970இல் தன் நூலில் எடுத்தாண்ட ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைக்காலம் காட்டு ஓநாய்களைப் பார்த்துவிட்டு, 1999இல் தானே திருத்தி எழுதினார். கூட்டம் என்பது பெரும்பாலும் அம்மா, அப்பா, அவர்களுடைய பல ஈற்றுக் குட்டிகள். வளர்ந்த பிள்ளை அப்பாவை அடித்துப் பதவி பிடிப்பதில்லை; துணை தேடி வெளியே போய்த் தனிக் கூட்டம் தொடங்குகிறது. சண்டையே வேண்டாம் என்று சொல்லவில்லை, கதைக்குச் சண்டை ருசி. ஆனால் தலைமை ஆசை உள்ள ஆளுக்கு “வெளியேறித் தனிக் கூட்டம்” என்ற வழியும் திறந்திருக்கட்டும். பக்கத்துக் கூட்டம் ஒன்று கிடைத்தால் எல்லைத் தகராறு என்று ஒரு மாதக் கதை ஓடும்.

பன்னிரண்டு பேர் உள்ள குரூப்புக்கு ஆல்ஃபா இணை, ஒரு பீட்டா (துணைத் தலைவர்), வேட்டைத் தலைவர், குட்டிக் காவல் என ஐந்து பேருக்குப் பதவி போதும். எட்டுக்குக் கீழே இருந்தால் பீட்டாகூட வேண்டாம். காமா, டெல்டா, தலைமை மருத்துவர், துணை மருத்துவர் என்று ஆளுக்கொரு பட்டம் கொடுத்தால் கட்டளையிட எல்லாரும் இருப்பார்கள், மானைத் துரத்த ஆள் இருக்காது. ஒவ்வொரு பதவிக்கும் வாரத்தில் ஒரு வேலையாவது இருக்க வேண்டும். வேட்டைத் தலைவர் வாரம் ஒரு வேட்டைக் காட்சியைத் தொடங்கி வைக்க வேண்டும். இரண்டு வாரம் தொடங்காவிட்டால் அடுத்தவருக்குப் போகட்டும்.

பதவியில் இருக்கிறவர் குரூப்பில் காணாமல் போவதுதான் நம் மலையில் பெரிய தொல்லை. ஆல்ஃபா உத்தரவு கொடுக்கும்வரை கூட்டமே குகை வாசலில் உட்கார்ந்திருக்கும். சொல்லாமல் ஏழு நாள் வராவிட்டால் பீட்டா நடத்தலாம், இருபத்தொரு நாள் ஆனால் பதவி காலி என்று எழுதி மேலே பின் பண்ணுங்கள். திரும்பி வருகிறவருக்கு மூத்த ஓநாய் என்ற மரியாதை போதும். மழைக்காலத்தில் இந்த நாள் கணக்கை இரட்டிப்பாக்குங்கள். மரம் விழுந்து கரண்ட் போனால் டவரும் போகும், அது அவர் குற்றமில்லை. இன்னொன்று: கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபருக்குமேல் பிடிக்கும். ஆல்ஃபா இணையில் ஒருவர் அந்தப் பக்கம், ஒருவர் இந்தப் பக்கம் என்று வைத்தால் இருவரும் ஒரே மழையில் மறைய மாட்டார்கள்.

சவால் சண்டைக்கு வருவோம். பெரும்பாலும் கெட்டுப்போவது ஒரு வினைச்சொல்லில். “அவன் குரல்வளையைக் கடித்துக் கிழித்தாள், அவன் சுருண்டு விழுந்தான்” என்று எழுதினால் எதிராளியின் உடம்பையும் நீங்களே ஆட்டுகிறீர்கள். இதுதான் பவர்பிளே. “அவன் குரல்வளையை நோக்கிப் பாய்ந்தாள்” என்று நிறுத்துங்கள். பல் பட்டதா, ரோமம் மட்டும் சிக்கியதா என்று அவர் எழுதுவார். ஆளுக்கு மூன்று முறை, முறைக்கு ஒரு தாக்குதல், பதிலுக்கு இருபத்துநான்கு மணி நேரம். தாக்குதல் எதையுமே ஏற்காமல் நழுவிக்கொண்டே இருந்தால் தோற்றதாகக் கொள்ளலாம். இழுபறி என்றால் பகடை. தீர்ப்பு பதவியில்லாத அந்த அட்மின்களுடையது, ஆல்ஃபாவுடையது அல்ல. சவாலை இரண்டு நாள் முன்னாலேயே அறிவிக்க வேண்டும். மாதத்துக்கு ஒன்றுக்குமேல் கூடாது. தோற்றவர் ஒரு படிதான் இறங்குவார், காயத்தோடு ஒரு வாரம் நொண்டுவார். எல்லாரிடமும் அடிபடும் கடைசிப் படியான ஒமேகாவுக்கு நேரே தள்ளினால் அன்றிரவே குரூப்பை விட்டுப் போய்விடுவார்.

ஒமேகா என்ற பதவியைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டாதீர்கள். கேட்டு வாங்குகிறவருக்கே கொடுங்கள், அதுவும் இரண்டு வாரத் தவணையில். “நிறுத்து” என்று அவர் கதைக்கு வெளியே ஒரு சொல் போட்டால் காட்சி அங்கேயே நிற்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் குரூப்பில் ஆல்ஃபா இணை அண்ணன் தங்கையாக இருக்கட்டும்; ஜோடி சேர்ந்தால்தான் பதவி என்ற விதியை இன்றே எடுத்துவிடுங்கள்.

முதுமலையைக் களமாக வைத்து ஆடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே கூட்டமாக வேட்டையாடுவது செந்நாய். ஊளைக்குப் பதில் விசில் அடிக்கும். இரை விழுந்ததும் குட்டிகளை முதலில் தின்ன விடும். குகையில் காவலுக்கு நின்றதற்கும் வயிற்றிலிருந்து கக்கிக் கொடுக்கும். “ஆல்ஃபா தின்றபின்தான் மற்றவர்” என்ற விதியைச் செந்நாய்க் கூட்டத்தில் வைத்துவிட்டு, காவல் பதவிக்கு ஏன் ஆள் வருவதில்லை என்று கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
கூடலூர், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து வேட்டை ஓநாய்கள் சிலரும், கேட்டு வாங்கிய ஒமேகா ஒருவரும்