வர்க்கி டப்பா

கோத்தகிரி,
ஞாயிறு

அன்புள்ள தம்பி,

எய்ட்ஸ் விழிப்புணர்வு வகுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றும், மாணவிகளைத் தனி அறையில் உட்காரவைத்து 'அடக்கமாக இருங்கள்' என்று ஒரு டீச்சர் சொல்லிவிடுவார் என்றும் போனில் சொன்னாய். அப்போதே பதில் சொல்லியிருப்பேன், பக்கத்தில் உன் சித்தப்பா இருந்தார். அதனால்தான் கடிதம்.

2005இல், நர்ஸாக என் பொறுப்பில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். எந்த எஸ்டேட் என்று உன்னிடம்கூடச் சொல்லமாட்டேன். வயது பத்தொன்பது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. கணவன் பரிசோதனைக்கே வரவில்லை. முதலில் தெரியவந்தது அவளுக்கு என்பதால், கொண்டுவந்தவளும் அவளே என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். சுவரில் 'ஒருவனுக்கு ஒருத்தி' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தோம். அதை அவள் மீறவே இல்லை, தம்பி. அவளுக்கு அடக்கத்தில் என்ன குறை? ஆணுறை போடச் சொல்லியிருந்தால், 'இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?' என்றுதான் அவன் கேட்டிருப்பான். குழந்தைக்குத் தொற்றாமலிருக்க, பிரசவ வலி எடுத்ததும் அவளுக்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த குழந்தைக்கு அதே மருந்தில் சில சொட்டு. அன்று எங்கள் கையில் இருந்தது அவ்வளவுதான். குழந்தை தப்பித்தது. இன்றானால் தாய்க்குக் கூட்டு மருந்தை உடனே தொடங்கி, ஆயுள் முழுவதும் இலவசமாகத் தருவார்கள்.

பையன்கள் விஷயத்தில் என் மேலேயே எனக்குக் கோபம். உன் அக்காவிடம் எல்லாம் பேசினேன். நீ ஆண்பிள்ளை, தானாகத் தெரிந்துகொள்வாய் என்று விட்டுவிட்டேன். ஏழாம் வகுப்பில் என் பையிலிருந்த ஆணுறையை எடுத்துப் பலூன் என்று ஊதினாய். பிடுங்கிக்கொண்டு முதுகில் ஒன்று வைத்தேன். நர்ஸ் வேலையெல்லாம் ஊருக்குத்தான் போலிருக்கிறது. உன் வகுப்பில் கெக்கலித்துச் சிரிக்கிறார்களே, அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாது என்றால் 'நீ ஆண்பிள்ளையா?' என்று கேலி செய்வார்களே என்ற பயம்.

எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவை. கேள்விகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரச் சொல். கொசு கடித்தால் வருமா என்றுதான் முதல் சீட்டு இருக்கும். வராது, ஆனால் நீயும் சேர்ந்து சிரித்துவிடாதே. உனக்கே பதில் தெரியாவிட்டால் 1097க்குப் போன் செய், கட்டணம் கிடையாது.

வர்க்கியைத் தகர டப்பாவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். தின்று முடித்ததும் மூடியில் சீட்டு நுழையும் அளவுக்கு ஒரு துளை போடு.

அம்மா