எடுக்க வேண்டியது போர்டைத்தான், சிலுவைப்பாதையை அல்ல: எங்கள் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பேரவைச் செயலர் வாசித்த அறிக்கையைக் கேட்டேன். காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்து, கோயில் வாசலில் ஒட்டியிருந்ததையும் நின்று படித்தேன். இந்த வருஷம் பெரிய வெள்ளி, அதாவது 2026 ஏப்ரல் 3ஆம் தேதி, சிலுவைப்பாதை ஊர் வழியாகப் போகாது. ஆண்டவர் சிலுவை சுமந்ததை நினைத்துப் பதினாலு ஸ்தலங்களில் நின்று ஜெபித்து நடக்கிற பவனியை இனி ஊர் பார்க்காது. கோயில் மதிலுக்குள்ளேயே சுற்றி வந்து முடித்துக்கொள்ளப் போகிறோம். 'போன ஆண்டு நடந்த விரும்பத்தகாத நிகழ்வுகளைக் கருதி' இந்த முடிவாம். நேரம் கருதி ஒரே மொழியில் நடக்குமாம். நலம்விரும்பிகள் யாராவது மோரும் தண்ணீரும் கொடுக்க முன்வந்தால் வளாகத்துக்குள்ளேயே இடம் ஒதுக்கித் தரப்படுமாம்.

அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் இதை எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன்.

போன வருஷம் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். ஆனால் நீங்கள் முன்னால் மைக் பக்கத்தில் நின்றீர்கள். பின்னால் பெண்கள் பக்கம் நடந்தது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அதை மட்டும் சொல்கிறேன்.

2025 ஏப்ரல் 18. டிசம்பரில் பஞ்சாயத்துத் தேர்தல் என்பதால் ஏப்ரலிலேயே போர்டுகள் முளைத்துவிட்டன. எட்டாம் ஸ்தலம் வரும் நாற்சந்தியில் மட்டும் மூன்று கட்சிக்கும் மூன்று ஃபிளக்ஸ். முள்முடி சூடிய இயேசு ஒரு மூலையில் சின்னதாக இருக்கிறார். கும்பிட்ட கையோடு சிரிக்கிற தலைவர் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார். ஒன்றில் 'பெரிய வெள்ளி நல்வாழ்த்துகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பெரிய வெள்ளிக்கு வாழ்த்துச் சொல்கிற ஆளை என் வயதுக்கு அன்றைக்குத்தான் பார்த்தேன். எழவு வீட்டில் போய் வாழ்த்துச் சொல்வார்களா?

ஒருவர் போட்ட மோர்ப்பந்தல் இன்னொருவர் போர்டை மறைத்துவிட்டது. அதுதான் தகராறு. முதலில் வாய்ச்சண்டை. அப்புறம் ஒருத்தர் பந்தல் காலைப் பிடித்து ஆட்டினார். அப்புறம் போலீஸ் ஜீப் வந்தது. சிலுவையைத் தூக்கி வந்த பிள்ளைகள் எவ்வளவு நேரம்தான் தோளில் வைத்திருப்பார்கள்? கடைசியில் அதை ஒரு ஃபிளக்ஸ் சட்டத்தின் மேலேயே சாய்த்து வைத்தார்கள். உபதேசியார் எட்டாம் ஸ்தலத்தை இரண்டு தரம் ஆரம்பித்துப் பார்த்தார். கட்சி மைக்கின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எருசலேம் பெண்களைப் பார்த்து, எனக்காக அழ வேண்டாம், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்று நம் ஆண்டவர் சொன்ன இடம் அது.

பாலக்காட்டுக் கணவாய் வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மணி பதினொன்றரை. பெண்கள் எல்லாரும் வெறுங்கால். ஒருசந்தி என்று உபவாசம் இருப்பவர்கள், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்களும் உண்டு. எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற குழுவில், எழுபது தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். பேர் வேண்டாம், சொன்னால் சங்கடப்படுவார். நடக்கிற வரை சூடு தெரியவில்லை. நின்றதும் தார் சுட ஆரம்பித்தது. அவர் ஒரு காலைத் தூக்கி மறு காலை வைத்து மாற்றி மாற்றி நின்றார். ஓரத்துக்குப் போகலாம் என்றால் ஓரமெல்லாம் பந்தலும் பைக்கும். பார்க்கப் பாவமாக இருந்ததால், நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பையன் பத்திருபது நோட்டீசைக் காலடியில் போட்டு, "இதுமேல நில்லுங்க பாட்டி" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். பாட்டி குனிந்து பார்த்தார். நோட்டீசில் தலைவர் படத்துக்குப் பக்கத்தில் இயேசு படம்.

"சேசு படத்த மிதிக்கச் சொல்றியா கண்ணு?" என்று கேட்டார்.

ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத் தட்டி மடித்து, ஜெபமாலை வைத்திருந்த பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பவும் தாரில்தான் நின்றார். பதினாலாம் ஸ்தலம் வரை நடந்தும் வந்தார். அடுத்த நாள் பாஸ்கா பூசைக்கு அவர் வரவில்லை. உள்ளங்கால் இரண்டும் கொப்புளம்.

இப்போது சொல்லுங்கள். தகராறு செய்தது யார்? அந்தப் பாட்டியா? பந்தல் காலைப் பிடித்து ஆட்டியவர்கள் யார் யார் என்று ஊருக்கே தெரியும். அவர்களில் சிலர் இன்றைக்கும் பேரவையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அறிக்கைக்குக் கையும் தூக்கியிருக்கிறார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரோட்டை விட்டுப் போகச் சொன்னது சிலுவையைத்தான். ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று: சிலுவைப்பாதையைப் பழைய வழியிலேயே நடத்துங்கள், அந்த வழியில் எந்தக் கட்சியின் போர்டும் பந்தலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்போது சட்டமன்றத் தேர்தல் நேரம், ஒன்றும் செய்ய முடியாது என்பீர்கள். 2019 மக்களவைத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். பெரிய வெள்ளி ஏப்ரல் 19, கேரளத்தில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 23. இடையில் நான்கே நாள். செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் பெரிய வியாழனன்றே ஓட்டுப்பதிவு. பொள்ளாச்சியில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் விரலில் மையோடு பாதம் கழுவும் பூசைக்கு ஓடினார்கள். அந்த வருஷமும் ஊரெல்லாம் கொடிதான். ஆனாலும் சிலுவை வருகிறது என்றால் பிரச்சார ஜீப்பின் மைக்கை அணைத்துவிட்டு ஓரமாக நின்றார்கள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு நின்ற இந்துக்களையும் முஸ்லிம்களையும் அதே நாற்சந்தியில் பார்த்திருக்கிறேன். அப்போது அவர்களை யாரும் சட்டம் போட்டு நிறுத்தவில்லை.

சட்டமும் இல்லாமல் இல்லை. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதையும் பிரச்சார மேடையாக்கக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதியே சொல்கிறது. வழிபாட்டு இடத்தின் வளாகத்தை அரசியல் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1988இல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டிருக்கிறது. ரோட்டோரச் சட்டவிரோத போர்டுகளை எடுக்கச் சொல்லிக் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. நீங்களோ ரோட்டில் நின்ற பந்தலை மதிலுக்குள் அழைக்கிறீர்கள். நலம்விரும்பிகள் என்று பேர் மாற்றினால் பந்தலில் கட்டும் துணியின் நிறம் மாறிவிடுமா?

பங்குத்தந்தை அவர்களே, திருச்சபைச் சட்டத்தின் 287ஆம் விதி குருக்கள் அரசியல் கட்சிகளில் முனைந்து ஈடுபடக் கூடாது என்கிறது. நீங்கள் அப்படி ஈடுபடுகிறீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. எல்லாக் கட்சிக்காரர்களையும் சமமாக மதிக்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம். பெரிய வெள்ளிக்கு ஒரு நாள் எல்லாரையும் சமமாக வெளியே நிறுத்தலாமே.

ஒரே மொழி என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மொழி என்று எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒற்றைப்படை ஸ்தலம் தமிழில், இரட்டைப்படை மலையாளத்தில் என்று பெரியவர்கள் ஏற்படுத்திய வழக்கம் யாருக்கு இடைஞ்சல் செய்தது? சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தபோதும் நம் வீட்டில் தமிழ்தான், 1956இல் கேரளம் ஆன பிறகும் தமிழ்தான். பூசை லத்தீனில் நடந்த காலத்தில்கூட சிலுவைப்பாதையை நம் சனங்கள் சொந்தப் பாஷையில் சொல்லி அழுதார்கள். "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று முன்னால் ஒருவர் சொன்னால், "எங்கள் பேரில் தயவாயிரும்" என்று மலையாளக் குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். அவர்களுடைய பாட்டை நாங்களும் புத்தகம் இல்லாமல் பாடுவோம். இதில் யாருக்கும் நேரம் போதாமல் போனதில்லை.

எழுத ஆரம்பித்துவிட்டேன், மனசில் இருக்கிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மீது இப்போது எல்லாருக்கும் பாசம் பொங்குகிறது. 2023 ஈஸ்டருக்கு பா.ஜ.க.வினர் கேரளம் முழுக்கக் கிறிஸ்தவர் வீடுகளுக்கு வாழ்த்தோடு வந்தார்கள். 2024 டிசம்பரில் இங்கே பக்கத்தில் நல்லேப்பிள்ளி அரசு யூ.பி. பள்ளியில், பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் விழாவுக்குள் புகுந்து தகராறு செய்ததாக விஷ்வ ஹிந்து பரிஷத்தைச் சேர்ந்த மூன்று பேரைப் போலீஸ் கைது செய்தது. உடனே அதற்கு எதிராக மற்றக் கட்சிகளின் வாலிபர்கள் கரோல் பாடக் கிளம்பினார்கள். பாடியது நல்லதுதான், மறுக்கவில்லை, ஆபத்துக்கு வந்தவர்களை மறக்கக் கூடாது. ஆனால் அந்த வருஷம் நடுச்சாமப் பூசையில் அந்தத் தொண்டைகளில் ஒன்றைக்கூட நம் கோயிலில் நான் கேட்கவில்லை. 2025 ஜூலையில் சத்தீஸ்கரில் துர்க் ரயில் நிலையத்தில் கேரளக் கன்னியாஸ்திரிகள் இரண்டு பேர் கைதானபோது, நம் அன்பிய வாட்ஸ்அப் குழுவில் அவர்களுக்காக ஒரு ஜெபமாலை சொல்லுவோம் என்று ஒருத்தி எழுதினாள். அதற்குக் கீழே யார் குற்றம், யார் காப்பாற்றினார்கள் என்று கட்சிக்காரர்கள் விடிய விடிய அடித்துக்கொண்டார்கள். ஜெபமாலையை எத்தனை பேர் சொன்னார்களோ!

யாரும் கட்சியில் இருக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டிலேயே ஒரு மகன் ஒரு கட்சி, மருமகன் இன்னொரு கட்சி, சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு முற்றும். ஓட்டு அவரவர் விருப்பம். ஆனால் விசுவாசம் என்று ஒன்றை நம் பெரியவர்கள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாம்பல் புதனுக்கு நெற்றியில் சாம்பல், தபசு காலத்து ஒருசந்தி, வெள்ளிக்கிழமை இறைச்சி சேர்க்காத சுத்தபோசனம், வருஷத்துக்கு ஒரு தரமாவது நல்ல பாவசங்கீர்த்தனம், பெரிய வெள்ளிக்குச் செருப்பில்லாத கால். இதைச் சொன்னால் ஒரு பக்கத்தார் பத்தாம்பசலி என்கிறார்கள். இன்னொரு பக்கத்தார், 'ஆமாம், மதம் ஆபத்தில் இருக்கிறது, எங்களோடு வா' என்கிறார்கள். நாங்கள் எங்கேயும் வரவில்லை. இந்த ரோட்டில் பதினாலு ஸ்தலம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இனிப் பணிவோடு கேட்கிறேன்.

இந்த அறிக்கையைத் திரும்பப் பெற்று, சிலுவைப்பாதையை வழக்கம்போல் குருசடிச் சிற்றாலயத்திலிருந்து நாற்சந்தி வழியாகவே நடத்த வேண்டும். அந்த வழியில் பெரிய வெள்ளிக்கு முந்தின இரவே போர்டுகளை எடுத்துவிடும்படி எல்லாக் கட்சிகளின் உள்ளூர்ப் பொறுப்பாளர்களுக்கும் பேரவை ஒரே வாசகத்தில், பங்கு முத்திரையோடு கடிதம் கொடுக்க வேண்டும். கொடுக்கக் கூச்சமாக இருந்தால் என்னிடம் தாருங்கள், அன்பியப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நானே போய்க் கொடுக்கிறேன். பேரவையிலேயே அந்தப் பொறுப்பாளர்கள் இருப்பதால் பாதிக் கடிதங்களுக்கு நடக்கவே வேண்டாம், மேஜைக்கு அந்தப் பக்கம் நீட்டினால் போதும்.

மோர் யார் தருவது என்ற கவலை வேண்டாம். எங்கள் அன்பியத்தில் பேசிவிட்டோம். எட்டாம் ஸ்தலத்தில் இரண்டு குடம் மோரும் ஒரு டிரம் தண்ணீரும் நாங்கள் வைக்கிறோம். போர்டு வைக்க மாட்டோம். கட்சிக்காரர்களும் வந்து குடிக்கலாம். தார் சுடாமல் இருக்க நாற்சந்தியில் சாக்கு நனைத்து விரிக்க ஆள் வேண்டும். இளைஞர் இயக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

மொழி விஷயத்தில் பழைய முறையே தொடரட்டும். தமிழ் வாசிக்க ஆள் இல்லை என்று யாராவது சொன்னால், பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன்.

குருத்து ஞாயிறுக்கு முன் பேரவை ஒரு முறை கூடும் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கூட்டத்தில் இந்த மடலை முழுதாக வாசிக்க வேண்டும். முடிவு எதுவானாலும் அதே அறிவிப்புப் பலகையில், இரண்டு மொழியிலும் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருத்தி,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்