‘வெப்பப் பக்கவாதம்’ வேண்டாம்: எச்சரிக்கை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கோடைக்கால எச்சரிக்கைகளைத் தமிழில் வெளியிடும் அலுவலர்களுக்கு, வணக்கம்.

இந்த ஆண்டுத் துண்டறிக்கையிலும் ஹீட் ஸ்ட்ரோக்கை ‘வெப்பப் பக்கவாதம்’ என்றே அச்சடித்திருக்கிறீர்கள். பக்கவாதம் என்றால் வாய் கோணும், ஒரு பக்கம் கைகால் விழும் என்றுதான் மக்களுக்குத் தெரியும். உச்சிவெயிலில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று உளறுகிறார், தள்ளாடுகிறார். வாய் கோணவில்லை. ‘குடிச்சிருக்கான்’ என்று ஓரமாகப் படுக்க வைத்துவிடுகிறார்கள். உள்ளுடம்பின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளை குழம்புவதுதான் இந்த நோய். உடனே குளிர்வித்தால்தான் ஆள் பிழைப்பார். அந்த நேரத்தை உங்கள் சொல் பறித்துவிடுகிறது.

அடுத்த வரியில் ‘உடல் சூடு’. நம் ஊரில் உடல் சூடு என்றால் நீர்க்கடுப்பு, கண் எரிச்சல், வாய்ப்புண். எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். ‘உடம்பு சுடுது’ என்றால் காய்ச்சல், பாராசிட்டமால் கொடுப்பார்கள். காய்ச்சலில் மூளையே உடல்வெப்பத்தைக் கூட்டி வைக்கிறது, மாத்திரை அதை இறக்கும். இங்கே வெளியேற வேண்டிய வெப்பம் உள்ளேயே தேங்கி நிற்கிறது. மாத்திரை பலிக்காது.

‘வெப்பத் தாக்கு’ என்று எழுதுங்கள். ‘வெயில் தாக்கு’ என்றால் எளிதில் புரியும்தான். ஆனால் கொதிகலன் அறையிலும், இரவில் தகரக் கூரைக்கு அடியிலும் வெயிலே படாமல் இது வரும். அதன் கீழே செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: 108ஐ அழையுங்கள், நிழலுக்குத் தூக்குங்கள், சட்டையைக் கழற்றி உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள், நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ‘வியர்வை நின்றுவிடும்’ என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுபவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம்.

வெக்கை, அனல், காங்கை, புழுக்கம் என்று வகைவகையாகச் சொல் வைத்திருக்கும் மொழி இது. கடலோர ஊர்களுக்கும் வெறும் டிகிரிக் கணக்கையே தருகிறீர்கள். அங்கே ஆளை வீழ்த்துவது புழுக்கம்: காற்றில் ஈரம் கூடினால் வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ‘இன்று புழுக்கம் கடுமை’ என்று ஒரு வரி போட என்ன தடை?

வெப்ப அலையை 2024இல் மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்துவிட்டது. பேரிடரின் பெயரையாவது சரியாக எழுத வேண்டாமா? எங்கள் கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அச்சுக்கு அனுப்பும் முன், பணியிடங்களில் ஒட்டியிருக்கும் தாள்களிலும் சேர்த்து, ‘வெப்பப் பக்கவாதம்’ என்பதை அடித்துவிட்டு ‘வெப்பத் தாக்கு’ என்று திருத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.