தகப்பனார் எழுதிய நூலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளில் கடைசியில் வரும் சான்றுப் பட்டியலை இப்போது கணினியே போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஆங்கில நூல்களுக்குப் பெரும்பாலும் சரியாகவே வரும். தமிழ்ப் பெயர் வந்தால்தான் சிக்கல்.

பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்து முன்னால் தள்ளுவது மென்பொருளின் வழக்கம். நூலில் ‘முருகன் ராமசாமி’ என்றிருந்தால் பட்டியலில் ‘ராமசாமி, மு.’ என்று வரும். எழுதியவர் மகன், பெயர் தகப்பனாருக்கு! தலைப்பெழுத்து முன்னால் நிற்கும் பெயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘ராஜரத்தினம், எஸ்.’, ‘சாமிநாதையர், உ. வே.’ இரண்டும் சரிதான். சான்றுப் பட்டியல் போடும் ஜோட்டெரோ மென்பொருளைப் பயன்படுத்துவோர் பெயர்க் கட்டத்தின் ஓரத்திலுள்ள சிறு பொத்தானைத் தட்டினால் இரண்டு கட்டம் ஒன்றாகிவிடும். அதில் பெயரை முழுதாக எழுதினால் எழுதியபடியே நிற்கும்.

பழைய நாளிதழ்ச் செய்திக்கு இணைய முகவரியை மட்டும் ஒட்டிவைப்பது அடுத்த குறை. தளம் மாறினால் முகவரி செத்துவிடும். இதழின் பெயர், தேதி, பக்கம், செய்தித் தலைப்பு நான்கும் இருந்தால் மைக்ரோஃபிலிம் படச்சுருளிலும் தேடி எடுக்கலாம். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். ‘6-8-1952’ என்பது நமக்கு ஆகஸ்ட், அமெரிக்க முறையில் ஜூன். இதழைப் பார்க்காமல் வேறொரு நூலில் கண்ட வரியை எடுத்தால், பார்த்த அந்த நூலைத்தான் காட்டவேண்டும். அதில் எழுத்துப்பிழை இருந்தால் பழி உங்கள் தலையில் விழாது.

நூலகப் பட்டியலில் தேடும்போதும் கவனம் தேவை. தமிழை ரோமன் எழுத்தில் பெயர்க்கும் நூலக முறையில் சகரத்துக்கு ‘எஸ்’ (s) கிடையாது, ‘சி’ (c) தான். 1887ல் இங்கே சிங்கப்பூரில் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ இதழை ‘எஸ்’ போட்டுத் தேடிவிட்டு, இல்லை என்று கைவிடுவோர் உண்டு. தமிழ் எழுத்திலும், ரோமன் எழுத்தில் ‘சி’ (c) போட்டும் தேடிவிட்டு முடிவுக்கு வரலாம்.

குறளுக்குப் பக்க எண் வேண்டாம், குறள் எண் போதும். ஆனால் உரையாசிரியருக்கு உரையாசிரியர் அதிகாரத்துக்குள் வரிசை மாறும். இன்று எல்லாரும் சொல்லும் எண் பரிமேலழகர் வரிசைப்படி வருவது. மணக்குடவர் உரையிலிருந்து எடுத்தால் அதைச் சொல்லிவிடுங்கள். சிலப்பதிகாரத்துக்குக் காதையும் அடி எண்ணும், புறநானூற்றுக்குப் பாட்டு எண்.

நாளிதழ்களுக்கும் ஒரு வேண்டுகோள். இணையத்தில் ஏறிய தேதியும் அச்சில் வந்த தேதியும் சில நேரம் ஒரு நாள் வேறுபடும். இணையப் பதிப்பில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் அச்சில் வந்த தேதியையும் பக்க எண்ணையும் ஒரு வரியில் போட்டால், மேற்கோள் காட்டுவோருக்குப் பாதி வேலை குறையும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்