பாதியில் விட்டதை எடுத்துச் செய்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

போன ஆண்டு ஆடியில் எனக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் போய்விட்டது. போன தெம்பு திரும்பவில்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் இரவெல்லாம் மூட்டை தூக்கியதுபோல் வலித்தது. ரத்தம், தைராய்டு, ஸ்கேன், எதிலும் குறையில்லை. தினமும் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன், மறுநாள் எழ முடியவில்லை.

காய்ச்சல் வந்து எட்டாம் மாதத்தில் என்னைப் பார்த்த மருத்துவருக்கு முதல் நன்றி. "வேலை செய்த அன்று சமாளித்துவிட்டு, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோதானே விழுகிறீர்கள்?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அங்கேயே அழுதுவிட்டேன். நாட்பட்ட சோர்வு நோய்க்குறி என்றார். இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. மற்ற நோய்கள் இல்லையென்று பார்த்துவிட்டு, அறிகுறிகளைக் கேட்டுத்தான் கண்டறிகிறார்கள். சிறு உழைப்புக்கும் பிந்தி வரும் அந்தச் சரிவுதான் முக்கிய அடையாளமாம். உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இந்நோய்க்குத் தர வேண்டாமென்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் சொல்லிவிட்டதையும் என் கணவருக்கு விளக்கினார். அன்றோடு வீட்டில் "கொஞ்சம் நடந்துதான் பாரேன்" என்ற பேச்சு நின்றது.

கையிருப்புக்குள் செலவு செய்வதுபோல், தெம்பு தீருமுன்னே நிறுத்த வேண்டும். இதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஒரு நாள் அவரைக்காய் பாதி நறுக்கும்போதே கை ஓய்ந்துவிட்டது. அத்தை ஒன்றும் கேட்கவில்லை. அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்து மீதியை நறுக்கினார். மறுநாள் அடுப்படியில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அத்தை, அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் இன்றும் தாளிக்கிறேன்.

என் வகுப்பை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றித் தந்த தலைமையாசிரியைக்கு நன்றி.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே, உங்களுக்கு என்ன சொல்வது? இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த குறள். முதலடி சொன்னேன், இரண்டாமடி வரவில்லை. தலைக்குள் பஞ்சு அடைத்ததுபோல் நின்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு குரல் மெல்ல எடுத்துக்கொடுக்க, வகுப்பே சேர்ந்து முடித்தது.

நோய் இன்னும் இருக்கிறது. இந்த மடலை நான்கு நாள்களாகச் சிறிது சிறிதாக எழுதினேன். கடைசி வரிகளை நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

நன்றியுடன்,
ஒரு தமிழாசிரியை,
கும்பகோணம்